மொட்டை மாடியில் நாமே டிஷ் மாட்டினால் இன்டர்நெட் வந்துடுமா? ஸ்ரீபெரும்புதூர்-ஒரகடம் தொழிலாளர்கள் போட வேண்டிய கணக்கு

ஸ்ரீபெரும்புதூர்:-

டிஷ்ஷை மொட்டை மாடியில் வை, வயரை சொருகு, வானத்தில் இருந்து இன்டர்நெட் கொட்டும். செல்போனைத் திறந்தால் இப்படிச் சொல்லும் வீடியோக்கள் வரிசை கட்டி நிற்கின்றன. எலான் மஸ்க்கின் 'ஸ்டார்லிங்க்' கம்பெனி இந்தியாவுக்கு வருகிறது என்ற செய்தி 2025-ம் ஆண்டு முழுக்க அடிபட்டதால், இந்த ஆசை இன்னும் சூடு பிடித்திருக்கிறது.

ஸ்ரீபெரும்புதூர், இருங்காட்டுக்கோட்டை, சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் வட்டாரத்தில் ரூம் எடுத்து தங்கி ஷிப்ட் வேலை பார்ப்பவர்களுக்கு செல்போன்தான் டி.வி., அதுதான் பேங்க், அதுதான் ஊருக்குப் போகும் பஸ் டிக்கெட் கவுண்டர். தஞ்சாவூரில் இருக்கும் அம்மா முகத்தையும், ஒடிசாவில் இருக்கும் பிள்ளை முகத்தையும் பார்ப்பது அதில்தான். ஷிப்ட் விட்டதும் ஒரே நேரத்தில் எல்லோரும் போனைத் திறக்க, வீடியோ கால் உருண்டுகிட்டே நிற்கும்போது, "பேசாம நாமளே ஒரு டிஷ் வாங்கி மாட்டிடலாமா?" என்ற கேள்வி வருவது இயல்புதான்.

மாட்டுவது சுலபம். ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தவருக்கு அரை நாள் வேலை கூட கிடையாது. சிக்கல் மூன்று இடத்தில் இருக்கிறது. ஒன்று அரசாங்க அனுமதி. இரண்டு பணம். மூன்றாவது, மொட்டை மாடி நம்முடையது இல்லை என்பது.

கேபிள் டிஷ் வேறு, இந்த டிஷ் வேறு

வீட்டில் டி.வி.க்கு மாட்டும் டி.டி.எச். டிஷ் எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்த சாட்டிலைட் பூமிக்கு மேலே சுமார் 35 ஆயிரத்து 786 கிலோ மீட்டர் உயரத்தில் இருக்கிறது. பூமி சுற்றும் வேகத்துக்கே அதுவும் சுற்றுவதால், வானத்தில் ஒரே இடத்தில் நிற்பது போல இருக்கும். அதனால்தான் மெக்கானிக் ஒரு தடவை டிஷ்ஷை திருப்பி சிக்னல் பிடித்து முறுக்கிவிட்டுப் போனால், வருஷக்கணக்கில் அது அப்படியே ஓடும்.

அந்த உயரத்து சாட்டிலைட்டில் இன்டர்நெட்டும் வரும். ஆனால் நாம் 'ஹலோ' என்றால் அது மேலே போய் கீழே வந்து, பதிலும் அதே மாதிரி சுற்றி வர அரை வினாடிக்கு மேல் ஆகிவிடும். வீடியோ காலில் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசி முட்டிக்கொள்வார்கள்.

ஸ்டார்லிங்க் போன்ற புது முறையில் சாட்டிலைட்கள் சுமார் 550 கிலோ மீட்டர் உயரத்திலேயே பறக்கின்றன. தூரம் குறைவதால் தாமதமும் குறைகிறது. ஆனால் இதில் ஒரு விஷயம் இருக்கிறது. இவ்வளவு கீழே பறக்கும் சாட்டிலைட் ஒரே இடத்தில் நிற்காது. ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒரு சுற்று சுற்றிவிடும். நம் மாடிக்கு மேலே அது இருப்பது சில நிமிஷம்தான். அது போனதும் அடுத்தது வரணும். அதனால்தான் ஆயிரக்கணக்கில் அனுப்பி வைத்திருக்கிறார்கள்.

இங்கே டிஷ் என்பது குடை மாதிரி இருக்காது. சாப்பாட்டு டிரே போல சப்பையாக இருக்கும். உள்ளே நிறைய குட்டி ஆன்டெனாக்கள். அசையாமலே, மேலே ஓடும் சாட்டிலைட்டை மின்சாரத்தாலேயே பின்தொடரும்.

மாட்டும் வேலை என்ன?

வெளிநாடுகளில் ஆர்டர் போட்டால் ஒரு பெட்டி வீட்டுக்கு வருகிறது. டிஷ், அதற்கு ஒரு ஸ்டாண்ட், வை-பை ரூட்டர், பவர் சப்ளை, சுமார் 15 மீட்டர் கேபிள். இவ்வளவுதான். ஆட்கள் வந்து மாட்டித் தருவது பெரும்பாலும் கிடையாது. வாங்கினவரே மாட்டிக்கொள்கிறார்.

முதல் வேலை, இடம் பார்ப்பது. இதில் கோட்டை விட்டால் எல்லாம் போச்சு. டி.டி.எச்.க்கு ஒரு பக்கம் மட்டும் வானம் தெரிந்தால் போதும். இதற்கு தலைக்கு மேலே அகலமாக வானம் திறந்திருக்கணும். பக்கத்து மூணு மாடி மேன்ஷன், தண்ணீர் டேங்க், தென்னை மரம், செல்போன் டவர், இதில் எது குறுக்கே வந்தாலும் சில நிமிஷத்துக்கு ஒரு தடவை லைன் கட்டாகும். பாட்டு டவுன்லோடு பண்ண அது பரவாயில்லை. வீடியோ கால் அறுந்து போகும். எந்த இடத்தில் மறைப்பு இருக்கிறது என்று கேமரா வழியாக காட்ட கம்பெனியின் செல்போன் ஆப் இருக்கிறது.

இரண்டாவது, உறுதியாக நிறுத்துவது. பெட்டியில் வரும் ஸ்டாண்ட் தரையில் வைக்கத்தான் சரி. காஞ்சீபுரம், செங்கல்பட்டு பக்கம் கார்த்திகை, மார்கழியில் அடிக்கும் காற்றுக்கு அது தாங்காது. 2016 டிசம்பர் 12-ந்தேதி வர்தா புயல் என்ன பண்ணியது என்று இந்த பக்கம் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கான்கிரீட் தளத்தில் கிளாம்ப் போட்டு போல்ட் முறுக்கித்தான் நிறுத்தணும். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் மேலே ஏறி மாட்டுவதை கனவிலும் நினைக்கக்கூடாது. ஷீட் உடைந்து கீழே விழுந்து உயிர் போன சம்பவங்கள் தொழிற்சாலை பகுதிகளில் புதிது இல்லை.

மூன்றாவது, மின்கம்பி. வாடகைக்கு விடுவதற்காக அடுக்கடுக்காக கட்டிய வீடுகளில் மாடிக்கு கை எட்டும் தூரத்தில் மின்சார லைன் போவது சகஜம். இரும்பு பைப்பை தூக்கி நிமிர்த்தும்போது அது கம்பியில் பட்டால் நொடியில் கதை முடிந்துவிடும். மாடியில் தனியாக உயரமாக நிற்கும் இரும்புக்கு இடி, மின்னல் பயமும் உண்டு. எர்த் போடத் தெரிந்த எலக்ட்ரீஷியனை கூப்பிட்டு அந்த ஒரு வேலையையாவது செய்துகொள்வது நல்லது. நாமே மாட்டலாம் என்பதற்கு, எல்லாவற்றையும் நாமே செய்யணும் என்று அர்த்தம் இல்லை.

அதன் பிறகு கேபிளை ரூட்டரில் சொருகி, பிளக் போட்டு, ஆப்பில் பெயரும் பாஸ்வேர்டும் கொடுத்தால் சாட்டிலைட்டை அதுவே தேடிப் பிடித்துக்கொள்ளும். வேலை முடிந்தது.

கரண்ட் பில் கணக்கு

யூடியூப்பில் இதை யாரும் சொல்வதில்லை. சாதாரண பெரிய டிஷ் ஓடும்போது சராசரியாக 75 முதல் 100 வாட் இழுக்கிறது. ஒரு சீலிங் பேன் ஓடுவது மாதிரி என்று நினைக்கலாம். ஆனால் பேனை நாம் வேலைக்குப் போகும்போது நிறுத்திவிடுவோம். இதை 24 மணி நேரமும் போட்டே வைத்தால் என்ன ஆகும்?

75 வாட் என்றால் ஒரு நாளைக்கு 1.8 யூனிட். இரண்டு மாதத்துக்கு 108 யூனிட். 100 வாட் என்றால் 144 யூனிட்.

தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் மின்சாரம் இலவசம். 2016-ம் ஆண்டு வந்த சலுகை அது. அந்த 100 யூனிட்டை இந்த டிஷ் ஒன்றே முழுங்கி ஏப்பம் விட்டுவிடும். லைட், பேன், மிக்சிக்கு ஓடும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் காசு கட்டணும்.

அதிலும் வாடகை ரூமில் நிலைமை இன்னும் மோசம். பல இடங்களில் ஒரே மீட்டரில் நாலு ரூம். வீட்டுக்காரர் சப்-மீட்டர் வைத்து தன் கணக்குக்கு யூனிட் காசு வாங்குகிறார். அங்கே இலவச யூனிட் என்ற பேச்சே கிடையாது. வேலைக்குப் போகும்போது டிஷ்ஷை ஆப் பண்ணிவிட்டு போவது ஒரு வழி. 'மினி' என்ற சின்ன டிஷ் 25 முதல் 40 வாட்தான் எடுக்கும். அப்போதும் நாள் முழுக்க ஓடினால் இரண்டு மாதத்துக்கு 36 முதல் 58 யூனிட் வரை ஆகும்.

அனுமதி இல்லாமல் ஆரம்பித்த கதை

அனுமதி விஷயத்தில் நம் நாட்டில் ஏற்கனவே ஒரு பாடம் நடந்திருக்கிறது. 2021-ம் ஆண்டு ஸ்டார்லிங்க் கம்பெனி இந்தியாவில் லைசென்ஸ் வாங்குவதற்கு முன்பே முன்பதிவை தொடங்கியது. 99 டாலர், அதாவது அப்போதைய மதிப்பில் சுமார் ரூ.7 ஆயிரத்து 350 கட்டி 5 ஆயிரம் பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள்.

அந்த ஆண்டு நவம்பர் மாதம் மத்திய தொலைத்தொடர்பு துறை தலையிட்டது. இந்த கம்பெனிக்கு லைசென்ஸ் இல்லை, பொதுமக்கள் பணம் கட்டாதீர்கள் என்று வெளிப்படையாக எச்சரித்தது. கடைசியில் முன்பதிவு பணத்தை கம்பெனி திருப்பிக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது.

அடுத்து நிலைமை மாற நாலு வருஷம் ஆனது. 2025 மார்ச் மாதம் ஏர்டெல்லும், மறுநாளே ஜியோவும் ஸ்டார்லிங்க்குடன் ஒப்பந்தம் போட்டதாக அறிவித்தன. அதுவரை எதிரும் புதிருமாக நின்றவர்கள் கைகோர்த்தது டெலிகாம் வட்டாரத்தையே ஆச்சரியப்பட வைத்தது. தங்கள் கடைகளில் ஸ்டார்லிங்க் கருவி விற்பதோடு, அதை மாட்டி ஓட வைப்பதற்கும் ஏற்பாடு செய்யப்போவதாக ஜியோ சொன்னது. அதாவது, வெளிநாடு மாதிரி முழுக்க முழுக்க நாமே மாட்டும் முறை இங்கே அப்படியே வராமல், கடைக்காரர் ஆள் அனுப்பும் முறையும் சேர்ந்தே வரலாம். டி.டி.எச். மாட்டிப் பழகின மெக்கானிக்குகளுக்கு அதில் வேலை இருக்கிறது.

2025 ஜூன் மாதம் மத்திய அரசின் லைசென்ஸ் கிடைத்தது. ஜூலையில் விண்வெளி துறையின் 'இன்ஸ்பேஸ்' அமைப்பு 5 ஆண்டுக்கு அனுமதி கொடுத்தது. இதற்கு முன்பே ஒன்வெப், ஜியோ ஆகிய கம்பெனிகளும் இதே லைசென்சை வாங்கியிருந்தன. அப்படியும் அலைக்கற்றை கட்டணம், பாதுகாப்பு சோதனை என்று வேலைகள் பாக்கி நின்றன. 2025 டிசம்பர் வரை இந்தியாவில் வீட்டு இணைப்பு விற்பனைக்கு வரவில்லை.

மலேசியாவில் இருந்து கொண்டு வந்தால்?

"என் மச்சான் மலேசியாவுல இருக்கான், அங்கே வாங்கி பார்சல் பண்ணச் சொல்றேன்" என்று நினைப்பவர்களும் உண்டு. அங்கே 2023-ம் ஆண்டு முதலே இந்த சேவை இருப்பது உண்மைதான். ஆனால் அந்த டிஷ்ஷை இங்கே மாட்டினால் வேலை செய்யாது. சாட்டிலைட் நம் தலைக்கு மேலே போனாலும், எந்த நாட்டில் சிக்னல் கொடுப்பது என்பதை கம்பெனிதான் முடிவு செய்கிறது.

2024 டிசம்பர் மாதம் மணிப்பூரில் பாதுகாப்பு படையினர் நடத்திய சோதனையில், ஆயுதங்களோடு ஸ்டார்லிங்க் முத்திரை போட்ட கருவியும் சிக்கியது. பெரும் பரபரப்பான நேரத்தில், இந்தியாவுக்கு மேலே எங்கள் சிக்னல் எப்போதுமே போடப்படவில்லை என்று எலான் மஸ்க்கே பதில் சொன்னார். அதற்கு முந்தைய மாதம் அந்தமான் கடலில் டன் கணக்கில் போதைப்பொருளுடன் பிடிபட்ட படகு விவகாரத்திலும் இதே கருவியின் பெயர் அடிபட்டது.

இதன் எதிரொலியாக 2025 மே மாதம் மத்திய அரசு விதிகளை இறுக்கியது. பதிவு செய்யாத கருவிக்கும், வெளிநாட்டில் வாங்கிய கருவிக்கும் இணைப்பு தரக்கூடாது. கருவி எந்த இடத்தில் இருக்கிறது என்பது கம்பெனிக்கு தெரிந்துகொண்டே இருக்கணும். நாட்டின் எல்லையில் இருந்து 50 கிலோ மீட்டர் வரை சிறப்பு கண்காணிப்பு. இப்படி பல நிபந்தனைகள்.

சட்டமும் சும்மா இல்லை. 2023-ம் ஆண்டு தொலைத்தொடர்பு சட்டப்படி, அனுமதி இல்லாமல் தொலைத்தொடர்பு சேவை நடத்தினால் 3 ஆண்டு வரை சிறை, 2 கோடி ரூபாய் வரை அபராதம். இந்த பிரிவு 2024 ஜூன் 26-ந்தேதி முதல் அமலில் இருக்கிறது. பார்சலில் வந்த டிஷ்ஷை மாட்டி ரூம் ரூமாக லைன் இழுத்து காசு பார்க்கலாம் என்று நினைப்பவர்கள் இந்த ஒரு வரியை இரண்டு தடவை படிக்கணும்.

பாக்கெட் தாங்குமா?

2025 டிசம்பரில் ஸ்டார்லிங்க்கின் இந்திய வெப்சைட்டில் திடீரென்று ஒரு விலை தெரிந்தது. கருவிக்கு ரூ.34 ஆயிரம், மாதம் ரூ.8 ஆயிரத்து 600. செய்தி பரவியதும், அது கோளாறால் தெரிந்த சோதனை விவரம், உண்மை விலை இல்லை என்று கம்பெனி மறுத்துவிட்டது.

அப்போ உண்மை விலை என்னவாக இருக்கும்? பக்கத்து நாடுகளைப் பார்த்தால் ஓரளவு புரியும். 2025-ல் பூடானில் தொடங்கியபோது குறைந்த பிளான் மாதம் 3 ஆயிரம், அடுத்தது 4 ஆயிரத்து 200. அந்த நாட்டு பணமும் நம் ரூபாயும் சம மதிப்பு. வங்காளதேசத்தில் 2025 மே மாதம் தொடங்கியபோது மாதம் 4 ஆயிரத்து 200 டாக்கா, 6 ஆயிரம் டாக்கா என இரண்டு பிளான். கருவிக்கு 47 ஆயிரம் டாக்கா. அப்போதைய மதிப்பில் கருவி மட்டுமே சுமார் 33 ஆயிரம் ரூபாய். இலங்கையிலும் 2025 ஜூலையில் சேவை வந்துவிட்டது.

மத்திய தகவல் தொடர்பு இணை மந்திரி பெம்மசானி சந்திரசேகரும் 2025 ஜூலையில், மாத கட்டணம் சுமார் ரூ.3 ஆயிரம் வரலாம் என்ற அளவில்தான் பேசினார்.

இதை பூமியில் இருக்கிற இன்டர்நெட்டோடு ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். 2023 செப்டம்பரில் ஜியோ ஏர்பைபர் சென்னை உள்பட 8 நகரங்களில் தொடங்கியபோது ஆரம்ப பிளான் மாதம் ரூ.599. ஜி.எஸ்.டி. சேர்த்து ரூ.707. வருஷத்துக்கு ரூ.8 ஆயிரத்து 500-க்குள். சாட்டிலைட்டில் மாதம் ரூ.3 ஆயிரம் என்றாலே வருஷத்துக்கு ரூ.36 ஆயிரம். டிஷ் விலை தனி. கரண்ட் தனி.

"ஆறு பேர் சேர்ந்து போட்டா தலைக்கு 500 ரூபாதானே?" என்று கேட்கலாம். ஒரே ரூமில் இருப்பவர்கள் பகிர்ந்துகொள்வதில் தப்பில்லை. ஆனால் வீட்டு இணைப்பு பதிவு செய்த முகவரிக்குத்தான். அதை மற்றவர்களுக்கு விற்க கம்பெனி விதியும் இடம் தராது. காண்டிராக்ட் முடிந்து இரண்டு பேர் கிளம்பினால் மாத பணத்தை மீதி நாலு பேர்தான் சுமக்கணும். டிஷ் யாருக்கு சொந்தம் என்று அப்புறம் சண்டை வரும். பிரிட்ஜ், டி.வி.யில் நடக்கும் அதே பஞ்சாயத்துதான்.

இன்னொன்று, ரூம் நம்முடையதாக இருக்கலாம், மாடி வீட்டுக்காரருடையது. டிரில் மெஷின் எடுத்து ஓட்டை போடும் முன் அவரிடம் கேட்கணும். மழையில் தளம் ஒழுகினால் அட்வான்சில் பிடித்துக்கொள்வார். கம்பெனி ஹாஸ்டலில் இந்த பேச்சுக்கே இடமில்லை. வல்லம்-வடகால் சிப்காட்டில் 2024 ஆகஸ்டு 17-ந்தேதி முதல்-மந்திரி மு.க.ஸ்டாலின் திறந்துவைத்த, ரூ.706.50 கோடி செலவில் கட்டிய தொழிலாளர் குடியிருப்பில் மட்டும் 18 ஆயிரத்து 720 பேர் தங்கலாம். அங்கே ஆளுக்கு ஒரு டிஷ் என்பது நடக்கிற காரியமா?

கூட்டம் அதிகமான இடத்துக்கு இது மருந்து இல்லை

ஷிப்ட் விடும் நேரத்தில் நெட் ஏன் இழுக்கிறது? ஒரு செல்போன் டவர் கொடுக்கும் வேகத்தை அந்த வட்டாரத்தில் இருக்கும் எல்லோரும் பங்கு போடுகிறார்கள். பிரச்சினை அதுதான். ஒரே தெருவில் பத்து மேன்ஷன், ஒவ்வொன்றிலும் நூறு பேர் என்றால் பங்கு சிறுத்துப் போகும்.

சாட்டிலைட்டிலும் கதை இதேதான். ஒரு சாட்டிலைட் பூமியில் ஒரு வட்டாரத்துக்கு கொடுக்கும் வேகத்தை அங்கே இருக்கும் எல்லா டிஷ்ஷும் பங்கு போட்டுக்கொள்ளும். டவருக்கு பக்கத்தில் இன்னொரு டவர் கட்டலாம். வானத்தில் உடனே அப்படி செய்ய முடியாது. அதனால் ஆள் நெருக்கமான இடத்துக்கு இது பொருத்தம் இல்லை. ஆள் குறைவாக, கேபிள் போகாத மலையிலும் கடலிலும்தான் இதன் மகிமை.

மந்திரி பெம்மசானியும் இதே அர்த்தத்தில்தான், ஸ்டார்லிங்க் இந்தியாவில் 20 லட்சம் பேருக்கு மேல் இணைப்பு தர முடியாது, வேகம் 200 எம்.பி.பி.எஸ். வரைதான் என்று 2025-ல் சொன்னார். 140 கோடி பேர் இருக்கும் நாட்டில் 20 லட்சம் என்பது ஆயிரத்துக்கு இரண்டு பேர் கூட இல்லை.

2025 மே 9-ந்தேதி 'டிராய்' செய்த சிபாரிசிலும் இந்த நோக்கம் தெரிகிறது. நகர்ப்புறத்தில் ஒவ்வொரு சாட்டிலைட் இணைப்புக்கும் கம்பெனி வருஷத்துக்கு ரூ.500 கூடுதலாக கட்டணும், கிராமத்துக்கு அது வேண்டாம் என்றார்கள். கேபிள் போகாத ஊருக்கு முதலில் போ என்பதுதான் அதன் பொருள்.

அப்படிப் பார்த்தால் இந்த டிஷ் ஒரகடம் ரூமுக்கு தேவைப்படுவதை விட, அந்த ரூமில் தங்கி இருப்பவரின் சொந்த ஊருக்குத்தான் தேவைப்படும். ஜவ்வாது மலை, கொல்லிமலை, ஜார்கண்ட் காட்டு கிராமம் என்று டவரே எட்டாத ஊர்களில் இருந்து வந்தவர்கள் இங்கே நிறைய பேர். இங்கே போன் பிடிக்கும், அங்கே பிடிக்காது. அந்த ஊர் பள்ளிக்கூடத்திலோ, ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, ஊராட்சி அலுவலகத்திலோ ஒரு டிஷ் இருந்தால் ஊருக்கே பிரயோஜனம்.

புயல் காலத்திலும் உதவும். 2023 டிசம்பரில் 'மிச்சாங்' புயல் வந்தபோது சென்னை, புறநகர் பகுதிகளில் கரண்டும் போய், செல்போனும் செத்து, சொந்தக்காரர்கள் உயிரோடு இருக்கிறார்களா என்றே தெரியாமல் தவித்தவர்கள் பலர். டவருக்கும் கேபிளுக்கும் தரையில் கரண்ட் வேண்டும். சாட்டிலைட் டிஷ்ஷுக்கு அந்த வீட்டில் ஒரு இன்வெர்ட்டர் இருந்தால் போதும். கனமழை கொட்டும்போது சிக்னல் கொஞ்சம் தடுமாறும், விட்டதும் வந்துவிடும். ஏரியா ஏரியாவாக ஊராட்சி அலுவலகம், தொழிற்சாலை, பெரிய ஹாஸ்டலில் ஒன்று வைத்தால் அர்த்தம் இருக்கிறது.

அப்போ இங்கே இருப்பவர்கள் என்ன செய்வது?

ரூமில் நெட் சரியில்லை என்றால் முதல் வழி, கேபிள் இன்டர்நெட். மேன்ஷன் ஓனரிடம் பத்து ரூம்காரர்கள் சேர்ந்து போய் பேசினால் ஒரு பைபர் லைன் வாங்கி ரூமுக்கு ரூம் வை-பை கொடுப்பது அவருக்கும் லாபம்தான். "வை-பை உண்டு" என்று போர்டு வைத்தால் ரூம் காலியாக இருக்காது.

இரண்டாவது, 2020 டிசம்பரில் மத்திய மந்திரி சபை ஒப்புதல் கொடுத்த 'பி.எம்.வாணி' வை-பை திட்டம். இதில் டீக்கடை, மளிகைக்கடைக்காரர் கூட லைசென்ஸ் எதுவும் இல்லாமல் வை-பை வைத்து நாள் கணக்கில் விற்கலாம். இந்த கடைக்காரர்களிடம் பிராட்பேண்டு கம்பெனிகள் இஷ்டத்துக்கு காசு கேட்கக்கூடாது, 200 எம்.பி.பி.எஸ். வரை வீட்டு பிளானைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வாங்கக்கூடாது என்று 2025 ஜூனில் டிராய் உச்சவரம்பும் போட்டது. ஷிப்ட் பஸ் நிற்கும் இடத்து டீக்கடைக்கு இது நல்ல வியாபாரம்.

மூன்றாவது, ஊராட்சிகளுக்கு பைபர் கொண்டுவரும் 'பாரத்நெட்' திட்டம். தமிழ்நாட்டில் 12 ஆயிரத்து 525 ஊராட்சிகளை இணைப்பதுதான் இதன் இலக்கு. நம்ம ஊராட்சிக்கு லைன் வந்ததா, வந்த பெட்டி வேலை செய்யுதா என்று கிராமசபையில் எழுந்து கேட்க யாருக்கும் உரிமை உண்டு.

வேலை வருமா?

இந்த பெல்ட்டுக்கு இன்னொரு கணக்கும் இருக்கிறது. 2025 மே மாத விதியில், சேவை தொடங்கி 5 ஆண்டுக்குள் சாட்டிலைட் இன்டர்நெட்டின் தரைப்பகுதி கருவிகளில் குறைந்தது 20 சதவீதம் உள்நாட்டு தயாரிப்பாக இருக்கணும் என்று ஒரு நிபந்தனை உண்டு. போன், சார்ஜர், சர்க்யூட் போர்டு என்று செய்து பழகின கைகள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம்தான் அதிகம். அந்த 20 சதவீதத்தில் ஒரு துண்டு இங்கே விழுந்தால் நல்லது. அதைக் கேட்டு வாங்குவது அரசாங்கத்தின் வேலை.

ஆனால் பழசை மறந்துவிடக்கூடாது. 2006-ல் தொடங்கி உலகத்துக்கே போன் செய்து அனுப்பிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடியது. ஆயிரக்கணக்கான பேர் நடுத்தெருவுக்கு வந்தார்கள். பிறகு அதே இடத்தில் சார்ஜர் செய்யும் சால்காம்ப் கம்பெனி வந்தது. புது தொழில் வரும்போது நிரந்தர வேலையா, காண்டிராக்ட்டா என்ற கேள்வியும் சேர்ந்தே வரணும்.

முன்பதிவு என்று பணம் கேட்டால்...

எல்லாவற்றையும் விட முக்கியமான எச்சரிக்கை இது. ஒரு பொருளுக்கு ஆசை அதிகமாக, கடையில் கிடைக்காமல் இருக்கும் நேரம்தான் மோசடிக்காரனுக்கு அறுவடை காலம். "ஸ்டார்லிங்க் முன்பதிவு, ரூ.999 மட்டும்" என்று வாட்ஸ்அப்பில் லிங்க் வந்தால் தொடவே கூடாது. "டீலர்ஷிப் தர்றோம்", "மாடி வாடகைக்கு வேணும், பதிவு கட்டணம் கட்டுங்க" என்பதெல்லாம் செல்போன் டவர் வைப்பதாக சொல்லி ஏமாற்றிய அதே பழைய நாடகம்தான்.

விற்பனை உண்டா இல்லையா என்பதை கம்பெனியின் சொந்த வெப்சைட்டிலோ, ஏர்டெல், ஜியோ கடைக்கு நேரில் போயோ கேட்கலாம். ஆதார் கார்டு காட்டி, பதிவு செய்து, ரசீது வாங்காத எந்த இணைப்பும் நல்ல இணைப்பு இல்லை. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் உடனே 1930 என்ற நம்பருக்கு போன் போடணும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்கு பணத்தை பேங்கிலேயே நிறுத்தி வைக்க வாய்ப்பு அதிகம்.

2021-ல் முன்பதிவு கட்டின 5 ஆயிரம் பேருக்கு பணம் திரும்ப வந்தது. காரணம், வாங்கினது உண்மையான கம்பெனி. வாட்ஸ்அப் லிங்க்கில் கட்டினால் அது திரும்ப வராது. டிஷ் மாட்டும் ஆசை இருப்பவர்கள் இப்போதைக்கு பார்க்க வேண்டியது வீட்டுக்காரரின் பதிலையும், கரண்ட் பில்லையும், கடையில் தரும் ரசீதையும்தான். இந்த மூன்றும் சரியாக வந்த பிறகு ஸ்பேனரை எடுத்தால் போதும்.